முதல் சனி, மூன்றாம் சனி

1912-ஆம் ஆண்டில் நாராயணய்யா என்ற ஓய்வுபெற்ற அரசு ஊழியர் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். தன் இரண்டு மகன்களைத் தன்னிடம் திருப்பித் தர வேண்டும் என்பது கோரிக்கை. எதிர்த்தரப்பு பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசன்ட். பையன்களில் மூத்தவர் பின்னாளில் உலகம் அறிந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1910-ல் தானே கையெழுத்துப் போட்டுப் பெசன்டைக் காப்பாளராக ஏற்ற தகப்பனார், பிறகு மனம் மாறியிருந்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தகப்பனாருக்கு சி.பி. ராமசாமி ஐயர் வாதாடினார். பெசன்ட் தனக்குத் தானே வாதாடினார். 1913-ல் பிள்ளைகள் தகப்பனாருக்கே என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைப் புரட்டிப்போட்டது. பையன்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், செங்கல்பட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள் இல்லை என்பது ஒரு காரணம். அவர்களுடைய விருப்பத்தை யாரும் கேட்டறியவில்லை என்பது இன்னொன்று.

இது பிரிந்த கணவன் மனைவியின் வழக்கு அல்ல. பையன்களின் தாய் முன்பே இறந்துவிட்டார். ஆனாலும் நூறாண்டுக்கு முன்னால் ஒரு குழந்தையின் பெயர் நீதிமன்றத்தில் கூப்பிடப்பட்டால் அங்கே எழுந்த கேள்வி என்ன என்பதை இது காட்டிவிடுகிறது. குழந்தை யாருக்குச் சொந்தம்? இன்று அதே உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் குடும்பநல நீதிமன்றத்தில் கேட்கப்படுவது வேறு: எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எங்கே வைத்து? சொந்தத்திலிருந்து நேரத்துக்கு வந்திருக்கிறோம். இது சின்ன மாற்றம் இல்லை. போதுமான மாற்றமும் இல்லை.

அன்றைய நிலைக்கு அடிப்படை, 1890-ல் வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம். தகப்பன் உயிரோடு இருக்கிறான், தகுதியற்றவன் என்று நீதிமன்றம் கருதவில்லை என்றால், வேறு யாரையும் காப்பாளராக நியமிக்கக் கூடாது என்றது அதன் 19-ஆம் பிரிவு. அந்தப் பிரிவில் தாய் என்ற பெயரே இல்லை. இதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, விவரம் தெரிந்த வயதுக் குழந்தையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தது. இரண்டும் ஒரே சட்டத்தில் இருந்தும் நடைமுறையில் தகப்பன் பிரிவுதான் கனத்தது. 19-ஆம் பிரிவில் தகப்பனுக்குப் பக்கத்தில் தாயையும் எழுதிச் சேர்க்க 2010 வரை ஆனது. நூற்றிருபது வருடங்கள். சட்டம் இன்றும் அதே 1890-ஆம் வருடச் சட்டம்தான். இப்போதும் பிள்ளையைக் கேட்டு மனுப் போடுகிறவர்கள் வழக்கு எண்ணுக்கு முன்னால், அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த ‘ஜி.டபிள்யு.ஓ.பி.’ என்ற எழுத்துகளைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள்.

நீதிமன்றம் வரை வந்தவர்கள் அன்று மிகச் சிலர். மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் பெரிய கதை. இந்துக்களுக்குச் சட்டப்படி விவாகரத்து என்பது சென்னை மாகாணத்தில் 1949-ல்தான் வந்தது. நாடு முழுமைக்கும் 1955-ல். அதற்கு முன் யாரும் பிரியவில்லை என்று நினைக்க வேண்டாம். பல சமூகங்களில் ஊர்க்கூட்டம் கூடித் தீர்த்துவிடும் வழக்கம் இருந்தது. அறுத்துக் கட்டுகிற வழக்கமும் இருந்தது. கூட்டத்தில் நகைக்குக் கணக்கு இருக்கும், பாத்திரம் பண்டத்துக்குக் கணக்கு இருக்கும். குழந்தைக்குப் பெரும்பாலும் பேச்சே தேவைப்படாது. பால்குடி மறக்கும் வரை தாயிடம், அதன் பிறகு தகப்பன் வீட்டு வாரிசு என்று எழுதாத விதி ஒன்று இருந்தது. பெண் குழந்தையானால் அந்த விதி தளர்ந்தது. காரணம் இரக்கமல்ல, கல்யாணச் செலவு.

விவாகரத்து என்ற சொல்லே எட்டாத குடும்பங்களில் நடந்தது இன்னும் எளிமையானது. கணவன் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டான், அல்லது ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கப்பலேறித் திரும்பவில்லை, அல்லது ‘கொண்டுபோய் விட்டுட்டு வா’ என்று மாமியார் சொல்ல மருமகள் பிறந்த வீட்டில் இறக்கப்பட்டாள். அவள் காதுபடவே ‘வாழாவெட்டி’ என்றார்கள். அவளோடு வந்த குழந்தையைத் தாய்மாமன் படிக்க வைத்தார், காது குத்தினார். தாத்தாவின் தட்டில் அது சாப்பிட்டது. தகப்பனை ஏதாவது ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் தூரத்திலிருந்து பார்த்தது. ‘அதுதாண்டா உங்கப்பா’ என்று யாரோ காட்டினார்கள். அந்தத் தகப்பன் பெயரின் முதல் எழுத்தைத்தான் பள்ளிப் பதிவேட்டிலும் ரேஷன் கார்டிலும் அது ஆயுள் முழுவதும் எழுதியது.

எதிர்த்திசையிலும் நடந்தது. பிள்ளையைத் தகப்பன் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லப்பட்ட தாய்மார்கள் இருந்தார்கள். தேரோட்டத்தின்போது, கூட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் மகன் கையில் ஒரு பொட்டலம் பலகாரம் திணித்துவிட்டுப் போனவர்கள். அவர்களுக்குக் கேட்க ஓர் இடம் இல்லை. மனுவுக்கு முத்திரைத்தாள் வாங்கக் காசு இல்லை. வக்கீல் வீடு எங்கே இருக்கிறது என்று விசாரித்தாலே ஊர் பேசும். அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் குறையே தெரியவில்லை என்று இப்போது சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறை இருந்தது, அதைச் சொல்லக் குழந்தைக்கு இடம்தான் இல்லை. மாமன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் தயவில் வளர்கிறோம் என்பது அந்த வயதிலேயே தெரிந்துவிடும்.

1956-ல் வந்த இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் ஒரு படி ஏறியது. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றது. குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று 13-ஆம் பிரிவில் எழுதியது. ஆனால் இயற்கைக் காப்பாளர் யார் என்ற இடத்தில், தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்று எழுதிவைத்தது. பத்து மாதம் சுமந்தவள் அந்த வரிசையில் இரண்டாவதாக நின்றாள்.

1973-ல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வரலாற்றில் ஒரு திருப்பம் என்று நினைக்கிறேன். மூன்று குழந்தைகளின் பெற்றோர் பல வருடம் வழக்காடிய விவகாரம் அது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்ற பொருள்பட நீதிபதி எழுதினார். தகப்பனின் உரிமை, தாயின் உரிமை என்று எடைபோட்டுக்கொண்டிருந்த தராசை அவர் தூக்கி ஓரமாக வைத்தார். இன்றுவரை பிள்ளையைப் பற்றிய வழக்கு எதுவானாலும் வக்கீல்கள் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டாமல் இருப்பதில்லை. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது: பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்ற உத்தரவு ஒருபோதும் இறுதியானதல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றலாம். அந்தப் பகுதி அதிகம் பேசப்படவில்லை. பேசப்பட்டிருக்க வேண்டும்.

தகப்பனுக்குப் பிறகுதான் தாய் என்ற வரிசையை உடைத்தது கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன். அவர் வீட்டில் கணவன் மனைவிக்குள் பிரிவு இல்லை. 1984-ல் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியில் கடன்பத்திரம் வாங்க விண்ணப்பித்தார்கள். காப்பாளர் என்ற இடத்தில் தாய் கையெழுத்திட்டிருந்தார். தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றது வங்கி. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: ‘அவருக்குப் பிறகு’ என்றால் இறந்த பிறகு என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை, தகப்பன் பொறுப்பெடுக்காத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளர். சேர்ந்து வாழ்ந்த ஒரு குடும்பம் போட்ட வழக்கு, பிரிந்து வாழும் லட்சக்கணக்கான தாய்மார்களுக்கு வாசலைத் திறந்தது. 2015-ல், திருமணமாகாத தாய் பிள்ளையின் தகப்பன் பெயரை வெளியிடாமலே காப்பாளராகலாம் என்றது அதே நீதிமன்றம். மறு வருடக் கடைசியில் பாஸ்போர்ட்டுக்குத் தாய் தகப்பன் இருவர் பெயரும் கட்டாயம் இல்லை என்று விதி மாறியது. தகப்பன் எங்கே என்று கேட்கும் படிவங்களுக்கு முன்னால் கூனிக் குறுகி நின்ற பெண்களுக்கு அந்த விதி எவ்வளவு பெரிய விடுதலை என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

இடையில் 1984-ல் குடும்பநல நீதிமன்றச் சட்டம் வந்தது. சண்டை போட வந்தவர்களை முதலில் பேச வைக்க வேண்டும், ஆலோசகர்கள் இருக்க வேண்டும், வக்கீல் இல்லாமலே மனிதர்கள் நேரடியாகப் பேச இடம் வேண்டும் என்பது அதன் நோக்கம். 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் நாட்டிலேயே அதுதான் முதலாவது. ஜீவனாம்சமும் நகையும் தீராத வழக்குகளில்கூட, பிள்ளையைப் பார்க்கும் நாட்கள் மட்டும் அங்கே தீர்ந்துபோவது உண்டு.

இனி இன்றைக்கு வருவோம். ஓர் இடைக்கால உத்தரவு எப்படி இருக்கும்? குழந்தை தாயிடம் இருக்கும். தகப்பன் மாதத்தின் முதல் சனிக்கிழமையும் மூன்றாம் சனிக்கிழமையும் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை குழந்தையைப் பார்க்கலாம். இடம், நீதிமன்ற வளாகத்தில் உள்ள குழந்தைகள் மையம். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனால் வெளியே கூட்டிப் போகலாம். பிறகு கோடை விடுமுறையில் பாதி, தீபாவளிக்கு ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே, பிறந்தநாளில் இரண்டு மணி நேரம். இரவு தங்கலுக்குத் தனியாக மனுப் போட வேண்டும். நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதை ‘விசிட்டேஷன்’ என்றுதான் சொல்கிறார்கள். தமிழே சரளமாக வராத வயதுக் குழந்தைகள்கூட ‘நாளைக்கு விசிட்டேஷன்’ என்று சொல்லப் பழகிவிடுகின்றன.

அந்தச் சனிக்கிழமைக் காலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுவரில் கார்ட்டூன் படங்கள், சறுக்குப் பலகை, பிளாஸ்டிக் நாற்காலிகள். தகப்பன் பெரிய பொம்மை வாங்கி வந்திருப்பார். குழந்தை போன மாதமே அந்த வகைப் பொம்மையைத் தாண்டி வளர்ந்திருக்கும். அவருக்கு அது தெரிய வழியில்லை. முதல் அரைமணி நேரம் குழந்தை தாயின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் பிறகு தகப்பன் கைபேசியில் ஏதாவது காட்டிச் சிரிக்க வைப்பார். மூன்றாவது மணி நேரத்தில்தான் மடியில் உட்காரும். அப்போது நேரம் முடிந்துவிடும். பதினைந்து நாள் கழித்து மறுபடி புடவைத் தலைப்பிலிருந்து தொடக்கம். தாய் அங்கே இருக்கும் இடத்தில் தகப்பனும், தகப்பன் இருக்கும் இடத்தில் தாயும் வந்து உட்காரும் வழக்குகளும் உண்டு. புடவைத் தலைப்புக்குப் பதில் பாட்டியின் கை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று தூரத்திலிருந்து காட்டப்பட்ட தகப்பனைவிட இது எவ்வளவோ மேல். சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு குழந்தைக்குப் பெற்றோரோடு வேண்டியது விருந்தாளியின் மூன்று மணி நேரம் அல்ல. கணக்கு வாய்ப்பாடு தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கும் நேரம், காய்ச்சலில் கஞ்சி குடிக்க மறுக்கும் நேரம், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் படுத்துத் தூங்கும் நேரம். இந்தச் சாதாரண நேரங்களைச் சனிக்கிழமை உத்தரவு தருவதில்லை. பிரிந்த தகப்பன்மார்களில் பலர் பொம்மைக்காரராகவும், பிரிந்த தாய்மார்களில் பலர் கண்டிப்புக்காரராகவும் ஆகிப்போவது அவர்கள் குணத்தால் அல்ல, உத்தரவு பிரித்துக் கொடுத்த நேரத்தின் தன்மையால்.

நேரம் மட்டுமல்ல, தூரமும் ஒரு கேள்வி. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இதை நேராகவே பார்த்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை. தாயோடு மதுரையில் இருக்கிறாள். தகப்பன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கரூரில் பார்க்கலாம் என்று கீழே உத்தரவாகியிருந்தது. போக 150 கிலோமீட்டர், வர 150. இரண்டு வயதுக் குழந்தை வாரா வாரம் முந்நூறு கிலோமீட்டர் போய் வர வேண்டும். தகப்பனுக்குப் பார்க்கும் உரிமை உண்டு, அதற்காகக் குழந்தையின் உடம்பை வருத்த முடியாது என்று சொல்லி, மதுரையிலேயே பூங்காவிலோ கோயில் வளாகத்திலோ காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை பார்க்கட்டும், தாய் பத்தடி தள்ளி இருக்கட்டும் என்று நீதிமன்றம் மாற்றியது. பயணம் செய்ய வேண்டியது பெரியவர்தான். கேட்டால் யாருக்கும் தெரிந்த நியாயம். ஆனாலும் அதைச் சொல்ல உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

2020-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அந்த ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நேரில் பார்ப்பதோடு தொலைபேசியில், வீடியோ அழைப்பில் பேசும் உரிமையும் வேண்டும் என்றது. தூர நாட்டில் இருக்கும் பெற்றோரை மனத்தில் வைத்துச் சொன்னது. மார்ச்சில் ஊரடங்கு வந்து, குழந்தைகள் மையங்கள் பூட்டப்பட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் தகப்பனுக்கும் தாய்க்கும்கூட வீடியோவே கதியானது. அந்த ஏப்ரலில் நேரில் பார்க்க முடியாத நாட்களுக்கு மின்னணு வழியே பேசிக்கொள்ளுமாறு நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து ஒரு நல்லது மிஞ்சியது. தினம் இரவு எட்டு மணிக்குப் பத்து நிமிடம் என்ற வரி இப்போது பல உத்தரவுகளில் இடம்பெறுகிறது. ‘இன்னைக்கு என்ன சாப்ட’ என்று தினம் கேட்பவர், பதினைந்து நாளைக்கு ஒருமுறை பொம்மையோடு வருபவரை விடக் குழந்தைக்கு நெருக்கமாகிவிடுகிறார். அந்தப் பத்து நிமிடத்தில் கைபேசி சார்ஜ் இல்லை, நெட் இல்லை, பிள்ளை தூங்கிவிட்டது என்ற காரணங்களும் தினம் வருகின்றன. அதற்கும் மனுக்கள் குவிகின்றன.

பெரியவர்களின் நடத்தையை உத்தரவால் மாற்ற முடியுமா என்பது பெரிய கேள்வி. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி முயன்று பார்த்தார். பிள்ளையைப் பார்க்க வரும் முன்னாள் துணையை விருந்தினராக நடத்த வேண்டும், காபி பலகாரம் கொடுக்க வேண்டும், மூவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று எழுதினார். இரு நீதிபதிகள் அமர்வு பிறகு அந்தப் பகுதியை நீக்கியது. நீக்கியது சரி என்றே நினைக்கிறேன். அடி வாங்கி வெளியேறிய பெண்ணை, அடித்தவனுக்குக் காபி போடச் சொல்லும் உத்தரவாக அது நாளை வேறொரு வழக்கில் மாறியிருக்கும். ஆனால் அந்த நீதிபதியைத் தூண்டிய கவலை உண்மையானது. வாசலில் அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தன்னைக் கைமாற்றும் அந்த அரை நிமிடம் குழந்தைக்கு எவ்வளவு நீளமானது என்பதை அவர் கண்டிருக்கிறார்.

அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு குழந்தை தூதுவராகிவிடுகிறது. ‘அப்பா வீட்ல யாரு வந்தாங்க?’ ‘அம்மா போன்ல யார்கிட்ட பேசறாங்க?’ எந்தப் பதிலுக்கு எந்த முகம் சுருங்கும் என்று ஆறு வயதிலேயே கணக்குப் போடக் கற்றுக்கொள்கிறது. இரண்டு வீட்டிலும் இரண்டு பொய். கொஞ்ச நாளில் ஒரு பக்கம் சாய்ந்து, மற்றவரைப் பார்க்கவே மாட்டேன் என்று நீதிபதி அறையில் அழும். சொல்லிக் கொடுத்த அழுகையா, உண்மையான பயமா என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. தகப்பனிடமே வளர்ந்து தாயை அறியாமல் போன ஒரு சிறுமியின் வழக்கில், 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தாயிடம் குழந்தையை ஒப்படைக்கச் சொன்னது. ஒரு பக்கமே கேட்டு வளரும் மனம் எப்படி ஆகும் என்று விரிவாகப் பேசியது. அதற்காக அழும் குழந்தை எல்லாம் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பிள்ளைக்குக் கேடு விளையும் என்று தெரிந்தால் பார்க்கவே அனுமதிக்காமலிருக்க நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவு காரணத்தோடுதான் இருக்கிறது.

சேர்ந்து வளர்ப்பது என்ற பேச்சும் மெல்ல வந்திருக்கிறது. 2013-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு சிறுவனை வருடத்தில் பாதி தகப்பனிடமும் பாதி தாயிடமும் இருக்கச் சொன்னது. 2015-ல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில் கூட்டுப் பொறுப்பைச் சட்டத்தில் கொண்டுவரச் சொன்னது. பள்ளி, மருத்துவம், விடுமுறை எல்லாவற்றையும் பெற்றோர் முன்கூட்டியே எழுதித் தரும் வளர்ப்புத் திட்டத்தையும், தாத்தா பாட்டியோடு செலவிடும் நேரத்தையும்கூட அது சேர்த்தது. பேரன் முகம் பார்க்காமல் கண்மூடும் தாத்தா பாட்டிகள் நிறைந்த நாட்டில் அது நல்ல யோசனை. அறிக்கை இன்னும் சட்டமாகவில்லை. பாதிப் பாதி என்பது எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு வீடு, வேளச்சேரியில் ஒரு வீடு, நடுவில் பள்ளி என்றால் சரி. திருநெல்வேலிக்கும் பெங்களூருக்கும் நடுவே எந்தப் பள்ளி? நாட்களை எண்ணிப் பிரிப்பதைவிடப் பொறுப்பைப் பிரிப்பதுதான் முக்கியம். மதிப்பெண் பட்டியலில் யார் கையெழுத்து, ஆபரேஷன் என்றால் யாருக்குப் போன், பள்ளி வாட்ஸாப் குழுவில் இருவரும் இருக்கிறார்களா என்று உத்தரவு எழுதட்டும்.

அன்று ரங்கூன் கப்பல் செய்ததை இன்று விமானம் செய்கிறது. நியூயார்க் நீதிமன்ற உத்தரவு இருந்தும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனை, இரண்டு வருடத் தேடலுக்குப் பிறகு 2009-ல் சிபிஐ சென்னையில் கண்டுபிடித்தது. அமெரிக்காவுக்குத் திரும்பட்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2017-ல் வேறொரு வழக்கில், வெளிநாட்டு உத்தரவு ஒரு காரணம் மட்டுமே, குழந்தையின் நலன்தான் முடிவு செய்யும் என்றது. எல்லை தாண்டிக் கொண்டுபோகப்படும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ஆம் வருட ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. வன்முறையிலிருந்து தப்பி வரும் தாய்மார்களுக்கு அதில் போதிய பாதுகாப்பு இல்லை என்பது சேராததற்குச் சொல்லப்படும் முக்கியமான வாதம். நியாயமான கவலைதான். அதற்கு மாற்றாக நம் பக்கம் ஒரு தெளிவான சட்டம் இல்லாததால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆட்கொணர்வு மனு, ஒவ்வொரு மனுவுக்கும் வருடங்கள்.

வருடங்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. மூன்று வயதில் போட்ட மனு எட்டு வயதில் முடியும். சறுக்குப் பலகைக்கு ஏற்றபடி எழுதிய உத்தரவு, கிரிக்கெட் கோச்சிங்கும் டியூஷனும் போகும் பையன் மீது அப்படியே நடந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது, அப்பாவிடம் போக முடியாது என்று பையன் சொன்னால், அது நீதிமன்ற அவமதிப்பு மனுவாக வந்து நிற்கும். தகப்பனோடு சேர்ந்து மேட்சுக்குப் போகலாமே என்று சொல்ல உத்தரவில் வரி இல்லை. சூழ்நிலை மாறினால் உத்தரவும் மாறலாம் என்று 1973-லேயே சொன்னார்கள். மாற்ற இன்றும் புது மனு, புது எண், புது வாய்தா. சமரச மையத்தில் ஒப்பந்தம் எழுதும்போதே, ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறப்பதற்கு முன் இருவரும் உட்கார்ந்து அந்த வருடத்துக்கான நாட்களைத் திருத்திக்கொள்வார்கள், பத்து வயது தாண்டினால் பிள்ளையையும் கேட்டு எழுதுவார்கள் என்று இரண்டு வரி சேர்த்துவிடலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். 1890-ஆம் வருடச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே போதும்.